வாயைக் கட்டாதவர்

காலை நடைச் சங்கத்தில் உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் பொறுப்பாளர்கள் ஒன்பது பேர். சங்கத் தலைவர் ஒல்லி. அந்த ஒல்லி உடம்பைத் தவமிருந்து பெற்றதாகவே அவருக்கு நினைப்பு.

அவருடைய அண்ணன் நாற்பத்தாறு வயதில், அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஒரு நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சங்கம் நடத்திய இரங்கல் கூட்டத்தில் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். சாரம் இவ்வளவுதான்: அண்ணன் வாயைக் கட்டவில்லை. முன்வரிசையில் அண்ணி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் அவள் தலைவர் வீட்டுக்கு வந்தாள். கையில் டாக்டர் கொடுத்த கடிதம். இறந்தவருக்கு ரத்தத்தில் கெட்ட கொழுப்பு பிறவியிலேயே எக்கச்சக்கம். இது பரம்பரைக் கோளாறு. கூடப்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உடனே ரத்தம் சோதிக்க வேண்டும். இருந்தால் மாத்திரையால் அடக்கலாம் என்றிருந்தது.

“எனக்கா? கொழுப்பா? என்னைப் பாத்துட்டுப் பேசுங்க அண்ணி.” தலைவர் காலை நீட்டி, குதிகாலுக்கு மேலே புடைத்திருந்த கட்டியைத் தட்டிக் காட்டினார். “இருபது வருஷ ஓட்டம். இது எனக்குப் பதக்கம் மாதிரி.”

அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கும் ரெண்டு கால்லயும் இதே இருந்துச்சு தம்பி. கொழுப்புதான் அங்க கட்டியிருக்குன்னு டாக்டர் தொட்டுப் பாத்துச் சொன்னாரு. உங்கண்ணன் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்ல.”

தலைவர் காலை மடக்கிக்கொண்டார்.

“அப்ப, அவர் சாப்பாடு...”

“நீங்க எழுதிக் குடுத்த பட்டியல்தான். மூணு வருஷமா முட்டையைக்கூடத் தொடல. நீங்க வர்றீங்கன்னா பயந்துக்குவாரு, தம்பி திட்டுவானேன்னு.” எழுந்தவள் வாசலில் நின்றாள். “பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அதுக்கும் உங்க ரத்தம்தான்.”

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நர்ஸ் படிவத்தை நிரப்பினாள். “குடும்பத்துல யாராவது சின்ன வயசுலயே மாரடைப்புல?”

“பெரியப்பா,” என்றாள் பன்னிரண்டு வயது மகள்.

“சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லாதவரா?”

இரங்கல் கூட்டத்தில் அந்தப் பேச்சைக் கேட்டிருந்த மகள் அப்பாவைப் பார்த்தாள்.

“இருந்தாரும்மா,” என்றார் தலைவர். “கட்டுப்பாடாத்தான் இருந்தாரு. நான்தான் நம்பல.”

நர்ஸ் அதை எழுதவில்லை. ஊசியைப் பிரித்தபடி, “முதல்ல யாரு?” என்றாள்.

மகள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள்.