பின்பக்கம் தாங்க ஒரு ஆள்

ஜெயலக்ஷ்மியின் மனசில் அன்றைக்குத் திருட்டுத்தனம் இருந்தது. இல்லையென்று அவளே சொல்ல மாட்டாள். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு ஆட்டோவில் வருகிற வழியெல்லாம், பக்கத்தில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை மூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த சகினாவிடம், "வீட்டுத் தையல் மிஷினே போதும் சகினா, சமத்தா ஓடும்" என்று ஓதிக்கொண்டே வந்தாள்.

விஷயம் இதுதான். சகினா ரஜாய் தைத்துப் பிழைப்பவள். ஜெயலக்ஷ்மி பாங்க்கில் வேலை பார்த்துவிட்டு, ஆசைக்குப் பழைய புடவைகளை அடுக்கித் தைப்பவள். எதிரெதிர் மாடி. சாயங்காலக் காபி எத்தனையோ வருஷமாக ஒன்றாகத்தான். கம்பெனிகளில் ஓடுகிற பவர் மிஷின் என்றால் மேஜையும் மோட்டாருமாக சகினா வீட்டுக் குறுகல் மாடிப்படியில் ஏறவே ஏறாது. அதை வாங்கினால் சகினா நங்கநல்லூரில் தம்பி வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்குப் போய்விடுவாள். வீட்டு மிஷின் வாங்கினால் எங்கேயும் போக மாட்டாள். அப்புறம் ஜெயலக்ஷ்மி பவர் மிஷினை எதற்குப் புகழப்போகிறாள், அவளுக்கென்ன பைத்தியமா?

எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில் தையல் மிஷின் கடை. கடைக்காரர் பொன்னுரங்கம் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். பவர் மிஷின் போட்ட சத்தத்தில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"அம்மாடி, காதே போயிடும்!" என்று முகத்தைச் சுளித்த ஜெயலக்ஷ்மி, கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துச் சின்ன மிஷினில் கொடுத்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. தையல் முத்து முத்தாக விழுந்தது. "பாத்தியா?"

சகினா பார்த்தாள். மூட்டையை அவிழ்த்தாள். துண்டில் தைத்துப் பார்த்து மிஷின் வாங்குவது ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குச் சரி. அவள் முழு ரஜாயையே எடுத்து வந்திருந்தாள். அதைச் சுருட்டி, சின்ன மிஷினில் ஊசிக்கு வலப்பக்கம் இருந்த இடுக்கில் நுழைத்தாள். பாதி போயிற்று, மீதி மாட்டேன் என்றது. வலிக்கிற தோளோடு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஊசி பட்டென்று ஒடிந்தது.

"விடு சகினா!" ஜெயலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் தைலம் தேய்த்துக்கொள்கிற தோள் அது. கண்ணால் பார்த்துக்கொண்டே இத்தனை நாள் சின்னது, சின்னது என்று பாட்டுப் பாடியிருக்கிறோமே, சே! "பெரிசையே வாங்கிக்கோ. நான் சொன்னதெல்லாம் பொய். நீ போயிடுவியேன்னுதான் சொன்னேன்."

"தெரியும் மாமி. துண்டுத் துணிக்கு இஸ்திரி வேற போட்டு எடுத்தாந்தீங்களே!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயலக்ஷ்மிக்குக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

பவர் மிஷினில் ரஜாய் தாராளமாக நுழைந்தது. கோடு நேராக ஓடியது. ஆனால் தைத்த பக்கம் கனத்தில் மேஜைக்குப் பின்னால் சரிய, பொன்னுரங்கம் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"இவ்ளோ பெருசுக்குப் பின்னாடி தாங்க இன்னொரு ஆள் வேணும்மா. ஆள் இருக்கா உங்ககிட்ட?"

ஜெயலக்ஷ்மி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காங்க," என்றாள் சகினா. "பாங்க்குல வேலை. ஞாயித்துக்கிழமைதான் வர முடியும். பெரிய ரஜாயெல்லாம் அன்னைக்கு வெச்சுக்குவேன். நங்கநல்லூருக்கு பஸ்ல வரணும். வருவீங்கல்ல மாமி?"

ஜெயலக்ஷ்மி பொன்னுரங்கத்தை நகரச் சொல்லிவிட்டு, மிஷினுக்குப் பின்னால் போய், ரஜாயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"ம், ஓட்டு" என்றாள்.