யார் வீட்டுச் சோபா

உதவித்தொகை அலுவலகத்து அம்மாளைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திகைத்துவிட்டாள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று பக்கத்துக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இல்லை, இவர்கள் வீடுதான். பெயின்ட் உரிந்த அதே கதவு. ஆனால் உள்ளே, காலையில் பாய் கிடந்த இடத்தில், ஒரு நீலச் சோபா ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

சில கனவுகள் இப்படித்தான் வரும். நம் வீடுதான், ஆனால் நம் வீடு இல்லை. ஜன்னலில் என்றும் இல்லாத திரை தொங்கியது. அது வடிகட்டிய பச்சை வெளிச்சத்தில் அறையே குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. மூலையில் ஆளுயர ஃபிரிட்ஜ். அதன் பக்கத்தில், தீபாராதனை தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிட்ட முகத்தோடு அப்பா. அம்மா கண்ணாடித் தம்ளர்களைத் தட்டில் ஏந்தி, தண்ணீருக்குள் நடப்பவள் மாதிரி மெல்ல மெல்ல வந்தாள்.

“உட்காருங்க மேடம்” என்றார் அப்பா. மேடம் உட்கார்ந்தார். சோபா அவரைப் பாதி விழுங்கிக்கொண்டது.

அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாகிவிட்டது, கட்டப் பணம்தான் இல்லை. நூலகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்து உதவித்தொகைகளைத் தேடியிருந்தாள். ஒன்று நீச்சல் வீரர்களுக்கு, இன்னொன்று இரட்டையர்களுக்கு, மற்றொன்றுக்குத் தேதி போயே போய்விட்டது. கடைசியில் அகப்பட்டது இந்த அறக்கட்டளை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்றால் படிப்பு, விடுதி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பம் தேறிவிட்டது. வீட்டை நேரில் பார்த்து இந்த மேடம் எழுதப்போவதுதான் கடைசி வார்த்தை. அந்த வீட்டில் போய் இந்த மனுஷன் ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்!

அப்பா வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவர். ஊரில் பாதிப் பேருடைய பீரோ அவர் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது. அவர் நியாயம் வேறு இடத்தில் படித்தது. கடன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் அவர் சட்டையைத்தான் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தை. இருக்கிறவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்பது அவர் கண்ட உண்மை. இது கடன் இல்லையப்பா, இல்லாதவர்களுக்குக் கொடுப்பது என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் மண்டையை மண்டையை ஆட்டினார். ஆட்டிய மண்டைக்குள் ஒரு சொல்லும் இறங்கவில்லை.

மேடம் எழுத ஆரம்பித்தார். ஃபிரிட்ஜ் வாங்கி எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டார். புதுசுதான் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அதுவும் நிஜம்தான். யாருக்குப் புதுசு என்றுதான் சொல்லவில்லை.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுகிறவள் இன்று வாயடைத்து நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் ஆகிவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அப்பா மேடம் முன்னால் பொய்யராகிவிடுவார். சொல்லாவிட்டால் கல்லூரி போச்சு. பேனா காகிதத்தில் உரசும் சத்தம் எங்கோ தொலைவில் மழை பெய்வதுபோல் கேட்டது. தன் கல்லூரி அந்த மழையில் மெல்லக் கரைவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது பேனா நழுவிச் சோபாவுக்கு அடியில் உருண்டது. அப்பாவுக்குக் கை பரபரக்காதா? சோபாவின் ஒரு பக்கத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்தார். எழுந்து குனிந்த மேடம், குனிந்தபடியே இருந்தார். சோபாவின் அடிக்கட்டையில் சாக்பீஸால் ‘மாடி வீடு’ என்று எழுதியிருந்தது.

நிமிர்ந்து பக்கத்திலிருந்த முக்காலியைத் திருப்பிப் பார்த்தார். ‘தையல்கடை’. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ‘எதிர்வீடு’.

“என்னங்க இது?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். “குறி போடலேன்னா திருப்பி வைக்கிறப்ப மாறிப்போயிடும் மேடம். எது எந்த வீட்டுக்குப் போகணும்னு அதுல இருக்கும். இத்தன வருஷத்துல என் கையில ஒரு கரண்டி மாறினதில்ல” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அம்மா தட்டோடு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மேடம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “இருக்கறத ஒளிச்சு வெச்சுட்டு இல்லன்னு சொல்றவங்களத்தான் நான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதுல உங்களோடது எது?” என்று கேட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பீரோ ஏறியபோதும் வளையாத கழுத்து வளைந்துவிட்டது. மகளுக்குப் பொறுக்கவில்லை.

“என் பலகைய எங்கப்பா வெச்சீங்க?”

“குளிக்கிற ரூம் பின்னால” என்றார் அப்பா.

அவளே போய் எடுத்து வந்தாள். சாமான் பெட்டி ஒன்றின் மூடி அது. மரச் சிலாம்பு குத்தாமலிருக்க அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தது. அதை மடியில் வைத்துத்தான் அவள் இத்தனை வருஷமும் படித்தாள். முழங்கை ஊன்றிய இடம் வழவழவென்றிருந்தது. மேடம் அதைப் புரட்டிப் பார்த்தார். அடியில் எந்தக் குறியும் இல்லை. பலகையை வாங்கி மடியில் வைத்து, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். அவர் போனதும் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு முனையில் சோபாவைப் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். ஃபிரிட்ஜுக்குள் எதிர்வீட்டுப் பால் இன்னும் சில்லென்றே இருந்தது.

உதவித்தொகை கிடைத்தது. விடுதிக்குக் கிளம்பிய நாளில் அவள் பெட்டியை அப்பா யாரையும் தொடவிடவில்லை. பேருந்தின் அடியறையில் தானே ஏற்றினார். ஏற்றும் முன் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பெட்டியைச் சாய்த்து அடியில் என்னவோ எழுதினார். அவள் பார்ப்பதைக் கண்டதும், பழக்கதோஷம் என்று முணுமுணுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடுதி அறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். ‘நம்ம வீடு’ என்று கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. தரையில் உரசி அழிந்துவிடக் கூடாதே என்று, பெட்டியைக் கட்டிலுக்கடியில் குப்புறவே தள்ளி வைத்தாள்.