பதினெட்டாம் இடத்துக்கான காரணம்

பாடைக்குக் குறுக்கே வைத்த மூங்கிலைக் காலால் மிதித்துக்கொண்டு அழகுமலை கயிற்றை இழுத்து இறுக்கினார். நான்காவது முடிச்சுக்குக் கயிறு போதவில்லை. முத்துக்குமரன் குனிந்து வேறொரு துண்டை எடுத்துக் கொடுத்தான். ஒருவர் இறந்தவளின் அண்ணன், மற்றவன் அவளுடைய கணவன். காலையிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இப்படிப் பொருள்களையே கைமாற்றிக்கொண்டிருந்தனர்.

பந்தலுக்குள் பெஞ்சின்மேல் தமிழ்வாணி படுத்திருந்தாள். குளிப்பாட்டி, பச்சைப் பட்டு உடுத்தி, கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தனர். வயது நாற்பத்து மூன்று. நுரையீரலில் நீர் கோத்து ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தவள், தேறிவருகிறாள் என்று எல்லோரும் நம்பியிருந்த வேளையில், நேற்றுச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூச்சை விட்டுவிட்டாள். அழகர்கோவில் சாலையில் இருந்த அந்தச் சிற்றூரில் பட்டம் பெற்ற முதல் பெண் அவள் என்பதைத் துக்கத்துக்கு வந்தவர்களுள் மூவராவது சொல்லிவிட்டனர். அவள் என்ன வேலை பார்த்தாள் என்பதை மட்டும் எவராலும் சொல்ல இயலவில்லை. "கம்ப்யூட்டர் வேலை" என்றே முத்துக்குமரனும் பதினோரு ஆண்டுகளாகச் சொல்லிவந்தான். அவன் அரசுப் பேருந்தில் நடத்துநர்; அவள் வீட்டிலேயே அமர்ந்து வேலை செய்பவள். அவன் முதல் நடைக்குப் புறப்படும்போது அவள் திரையின் முன் இருப்பாள். அதற்கு மேல் அவன் அறிந்துகொள்ள விரும்பியதுமில்லை.

பந்தலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிய ஓர் இளம்பெண் மாலையைச் சாத்திவிட்டு, அழாமல், அவனை நோக்கி வந்தாள். வாணியுடன் வேலை பார்க்கும் பவதாரிணி. மருத்துவமனைக்கு இரண்டு முறை வந்திருந்தாள்.

"அண்ணே, இந்த நேரத்துல இதக் கேக்கக் கூடாது. கேக்காமப் போனா வாணிக்கா என்னையச் சும்மா விடாது."

"சொல்லும்மா."

"நேத்து மத்தியானம் அக்கா ஆஸ்பத்திரிலருந்து ஒரு பட்டியல் எழுதுச்சுல்ல? அது எழுத எழுத எங்களுக்கும் வந்துரும். அதுல எல்லாக் குதிரைக்கும் காரணம் எழுதிருக்கு. ஒரு குதிரைக்கு மட்டும் பாதியில நிக்குது."

"குதிரையா?"

பவதாரிணி அவனை வியப்போடு பார்த்தாள். பின்னர், பயணிக்கு வழி சொல்பவளைப்போலப் பொறுமையாக விளக்கினாள்.

"ஆஸ்திரேலியாவுல, மெல்போர்ன்ல, செவ்வாக்கிழமை பெரிய ஓட்டம்ணே. ரெண்டு மைலு. இருபத்து நாலு குதிர ஓடும். நல்லா ஓடுற குதிரைக்கு முதுகுல எடையக் கூட்டுவாக, சுமாரானதுக்குக் கொறைப்பாக. அப்பத்தான் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு. இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனிலருந்தெல்லாம் குதிரைய ப்ளேன்ல கொண்டாருவாக. அது அந்த மண்ணுல எப்பிடி ஓடும்னு அந்த ஊர்க்காரங்களுக்கே புடிபடாது. அதப் பத்திரிகைக்கு எழுதிச் சொல்றதுதான் அக்கா வேல."

"அந்த ஊர்க்காரனுக்கே புடிபடாததையா?"

"ஆமாண்ணே. அக்கா சொன்னா எங்க எடிட்டர் மறுபேச்சுப் பேச மாட்டாரு. இந்தத் தடவதான் பேசுறாரு. ஒலகமே மொத எடம்னு சொல்ற குதிரைய அக்கா பதினெட்டாவது எடத்துல வச்சிருக்கு. காரணம் எங்கேங்கிறாரு. நம்ம நேரம் பன்னெண்டரைக்குள்ள காரணம் வரலேன்னா, ரெண்டாவது எடத்துல தூக்கி வச்சிருவேன்னு சொல்லிட்டாரு."

"வச்சா வச்சுட்டுப் போகட்டும்மா. இனிமே என்ன?"

"அக்கா பேரப் போடப் போறாகண்ணே." அவள் பெஞ்சின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இத்தன வருசத்துல யார் பேரும் போட்டதில்ல. இப்பத்தான் மொதத் தடவ. அக்கா நெனைக்காத ஒண்ணு அக்கா பேருக்குக் கீழ வரும்."

நேற்று இரண்டரை மணி முத்துக்குமரனின் கண்முன் வந்து நின்றது. மூக்கில் குழாய், மடியில் கணினி, நடுங்கும் விரல்கள். 'போதும், மூடு' என்று அவன் அதட்டினான். 'இன்னும் ரெண்டே வரிங்க' என்றாள். அவன்தான் மூடியை அழுத்தி மூடினான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று நேற்றிரவெல்லாம் எண்ணிப் பார்த்தும் அவனுக்கு விளங்கவில்லை.

"மணி என்னம்மா?"

"பதினொண்ணு அம்பது. அக்கா எதையும் மொத நோட்டுலதான் எழுதும். நீல அட்ட போட்ட நோட்டு. அது எங்கருக்குன்னு தெரியுமாண்ணே?"

தெரியும். விடியற்காலையில் அவனுடைய அக்காள் ஜெயக்கொடி அந்த நோட்டை எடுத்து வந்து, வாணியின் கைகளுக்கும் வயிற்றுக்கும் இடையே செருகியதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கட்டைவிரல்களைக் கட்டிய துணி நோட்டையும் சேர்த்துச் சுற்றியிருந்தது.

அவன் பெஞ்சின் அருகே போய் நின்றான். தலைமாட்டில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த ஜெயக்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அந்த நோட்டு வேணும்."

"எதுக்கு? அவ எழுதுன சாமி பேரு அவளோட போகட்டும்டா. அந்தப் புண்ணியத்தையும் புடுங்கப் போறியா?"

"அது சாமி பேரு இல்லக்கா."

"எனக்குத் தெரியாதா? வெள்ளனா எந்திரிச்சு ஒக்காந்து வரி வரியா எழுதும். காப்பியக் கொண்டுபோயி வச்சாக்கூட நிமிராது. அழகர் பேரு எழுதுறவளக் கூப்புடக் கூடாதுன்னு நான் சத்தங்காட்டாம வந்துருவேன். இத்தன வருசமா அப்பிடித்தான்."

ஜெயக்கொடிக்கு எழுத்துத் தெரியாது. பத்தி பத்தியாக, ஒரே அளவில், ஒரே சீராக அமைந்த அந்த எழுத்தைக் கண்டு அவள் வேறு எதை நினைத்திருக்க முடியும்?

"அதுல இருக்கது குதிரைக்கா," என்றான் முத்துக்குமரன். "ஓட்டப் பந்தயக் குதிர."

நாற்காலியில் சாய்ந்திருந்த டீக்கடை பால்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ரேஸா? நம்ம வாணியா?"

"அக்கா ஒரு ரூபா கட்டுனதில்ல," என்று பவதாரிணி வெடுக்கென்று சொன்னாள். "எது எப்பிடி ஓடும்னு எழுதும். அம்புட்டுத்தான்."

ஜெயக்கொடியின் முகம் சுருங்கியது. ஊர் நடுவே தான் பிழை செய்துவிட்டோம் என்ற நாணத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதைக் கண்ட அழகுமலை பாடையை விட்டு எழுந்து வந்தார். ஐந்து சல்லிக்கட்டுக் காளைகளை வளர்த்தவர் அவர். மிரண்டதை அமர்த்தும் குரல் அவருக்கு இயல்பாகவே வரும்.

"ஏன் தாயி மொகத்தத் தொங்கப்போடுற? அழகர் ஆத்துல எறங்குறது எதுல? குதிரையிலதான? நீ வச்சதுல ஒரு தப்பும் இல்ல."

யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். ஜெயக்கொடி மூக்கை உறிஞ்சினாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"குதிரையோ, கழுதையோ. பொணத்துக்குக் குடுத்தத திருப்பி எடுக்கக் கூடாது. எடுத்தா, எடுத்தவன் பின்னாலயே வரும்."

"வந்தா வரட்டும்," என்றான் முத்துக்குமரன்.

தப்புக்காரர்கள் தோலைக் காய்ச்ச மூட்டியிருந்த வைக்கோல் சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது. அழகுமலை காலையிலிருந்து முதன்முறையாகத் தம் தங்கை கணவனின் முகத்தைப் பார்த்தார்.

"எடுக்க வேணாம் மாப்ள. இருக்கற எடத்துலயே வச்சுப் படி. கேக்கறவுக கேட்டுக்கிரட்டும்."

முத்துக்குமரன் பெஞ்சின் பக்கத்தில் முழந்தாளிட்டான். நோட்டு துணிக்கட்டுக்குள் இருந்தது. அட்டையை மட்டும் விலக்க முடிந்தது. பக்கத்தைத் திருப்ப வேண்டுமானால் அவளுடைய நான்கு விரல்களையும் சேர்த்துச் சற்றே உயர்த்த வேண்டும். அவை குளிர்ந்து விறைத்திருந்தன. அவன் இடக்கையால் அவற்றைத் தாங்கிக்கொண்டு வலக்கைப் பெருவிரலால் தாள்களைத் தள்ளினான். ஒவ்வொரு பக்கமும் ஒரு குதிரை. ஒவ்வொன்றும் பென்சிலால், அழித்து அழித்து எழுதப்பட்டிருந்தது.

"கில்மோர் பெல்னு பாருங்கண்ணே," என்று பவதாரிணி கைப்பேசியை ஏந்தியபடி எதிர்ப்புறம் குந்தினாள்.

பதினாறாவது தாளில் அது இருந்தது. அவன் பேருந்தில் ஊர்ப் பெயர்களைக் கூவும் குரலில் அல்லாமல், ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்தான்.

"கில்மோர் பெல். அயர்லாந்து. வயது ஐந்து. ஆறு ஓட்டம் வென்றது. ஆறிலும் உடன் ஓடியவை ஏழுக்கு மேல் இல்லை. மெதுவாகப் போய்க் கடைசி அறுநூறு மீட்டரில் மட்டும் விரட்டிய ஓட்டங்கள். மெல்போர்னில் முதல் அடியிலிருந்தே நெரிசல்."

பவதாரிணியின் விரல்கள் ஆங்கிலத்தில் ஓடின.

"பதினாறு குதிரை ஓடிய ஒரே ஓட்டத்தில் நடுவில் மாட்டித் தலையைத் தூக்கியது. பதினோராவது. எடை ஐம்பத்தேழு கிலோ. கோட்டுக்கு அப்புறம் பார்க்க வேண்டும்." அவன் நிறுத்தினான். "கோட்டுக்கு அப்புறம்னா என்னம்மா?"

"ஜெயிக்கிற கோட்டத் தாண்டுன ஒடனே டிவிக்காரன் ஜாக்கி மொகத்தக் காட்டப் போயிருவான்ணே. அக்காவுக்கு அது பத்தாது. கூட்டத்துல நின்னவுக செல்லுல எடுத்த வீடியோவத் தேடித் தேடிப் புடிக்கும். கோட்டத் தாண்டுன பெறகு, ஜாக்கி கயித்தத் தளத்துன பெறகு, குதிர எம்புட்டுத் தூரம் தானா ஓடுதுன்னு பாக்கும். ஓடுச்சுன்னா அதுட்ட இன்னும் தூரம் கெடக்குன்னு அர்த்தம்."

"அட," என்றார் அழகுமலை. "மாட்டுலயும் அதுதான சங்கதி. வாடிவாசல்ல சீறுறதப் பாத்து ஏமாறக் கூடாது. ஓடி முடிச்சுக் கயிறு போடுற எடத்துல மூச்சு எப்பிடி வாங்குதுன்னு பாக்கணும். எந் தங்கச்சிக் கழுதைக்கு அது யார் சொன்னா?"

முத்துக்குமரன் தாளின் மறுபக்கத்துக்குப் போவதற்காக மீண்டும் அவள் விரல்களை உயர்த்தினான்.

"ஒன்றரை மைல் ஓடிய ஆறு ஓட்டத்திலும் கோடு தாண்டி நூறு மீட்டருக்குள் தானே ஓட்டத்தை விட்டுவிட்டது. தலை தொங்கியது. இரண்டு மைலுக்கு இதனிடம் மிச்சமில்லை. பதினெட்டு."

"இதுதான். இதுதான்ணே வேணும்." பவதாரிணி வேகமாக எழுதினாள். "மணி பன்னெண்டு இருவது. அனுப்பிரவா?"

"இரும்மா. கீழ ஒரு வரி இருக்கு."

அது சாய்வாக, வேறொரு நாளில் எழுதியதுபோல் மங்கலாக இருந்தது. அவன் முகத்தை இன்னும் தாழ்த்த வேண்டியதாயிற்று. பட்டுச் சேலையின் மடிப்பிலிருந்து சந்தன மணம் வந்தது.

"நான் தவறாகவும் இருக்கலாம். மழை பெய்து மண் இளகினால் எல்லாமே மெதுவாகும். அப்போது எட்டாவது வரை வரக்கூடும்."

பவதாரிணியின் விரல் நின்றது. "அண்ணே, இத விட்றலாமா? இதப் போட்டா, 'பாத்தியா, அவளுக்கே சந்தேகம்'னு அந்தாளு பிடிச்சுக்கிருவாரு. பதினெட்டுல வைக்க மாட்டாரு."

பெஞ்சைச் சுற்றி இப்போது எட்டுப் பத்துப் பேர் நின்றனர். பால்பாண்டி நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். எல்லோரும் முத்துக்குமரனையே பார்த்தனர். அவன் அந்த மூன்று வாக்கியங்களையும் வாய்க்குள் ஒருமுறை படித்துக்கொண்டான்.

"போடும்மா," என்றான். "அவ எழுதுனது அம்புட்டையும் போடு."

செய்தி போயிற்று. ஒருவரும் நகரவில்லை. பன்னிரண்டு இருபத்தாறுக்குப் பவதாரிணியின் கைப்பேசி அதிர்ந்தது. அவள் படித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பதினெட்டுலயே வைக்கிறாராம். மழ வந்தா எட்டுங்கறதையும் போடுறாராம். சந்தேகத்தையும் சேத்து எழுதுற ஆள்தான் எனக்கு வேணும்னு சொல்றாரு."

"அப்ப எதும்மா ஜெயிக்கும்?" என்றான் பால்பாண்டி தாழ்ந்த குரலில்.

"அது நாளைக்கித்தான் வெளிய வரும். சொல்லக் கூடாது."

"பொணத்துக்கு முன்னால கேக்குற கேள்வியாடா இது?" என்றாள் ஜெயக்கொடி. பிறகு பவதாரிணியின் பக்கம் திரும்பி, "அங்கன மழ பெய்யுமா பெய்யாதான்னு அந்த செல்லு சொல்லாதா?" என்று கேட்டாள்.

முத்துக்குமரன் அட்டையைப் பழையபடி மூடி, விரல்களை அதன்மேல் படியவைத்து எழுந்தான்.

ஒரு மணிக்குப் பாடை புறப்பட்டது. பிள்ளையில்லாத வீடாதலால் நெருப்புச் சட்டியைக் கணவனே ஏந்த வேண்டியிருந்தது. தப்பு முழங்க, அவன் முன்னே நடந்தான். பின்னால் முதல் தோள் அழகுமலையுடையது. தெரு முனையில் ஓசை சற்று ஓய்ந்தபோது அவர் குரல் முதுகுப்புறமிருந்து வந்தது.

"மாப்ள, செவ்வாக்கிழம அது எத்தன மணிக்கு ஓடும்?"

"நம்ம நேரம் ஒம்பதரைக்காம் மச்சான்."

"அன்னைக்கித்தான் பால் தெளிக்கணும்." அவர் பாடையின் மூங்கிலைத் தோளில் சரிசெய்துகொண்டார். "ஏழு மணிக்கே போயிருவோம். எட்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துறலாம்."

முத்துக்குமரன் தலையை மட்டும் அசைத்தான், திரும்பிப் பார்க்கவில்லை. சட்டியின் கயிறு சூடேறிக் கையில் அழுந்தியது. வலக்கைப் பெருவிரலில் பென்சில் கரி படிந்திருந்தது. மற்ற நான்கு விரல்களால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு விரலை மட்டும் எதிலும் படாமல் நீட்டி வைத்தபடி அவன் நடந்தான்.