பூனைச் சாறும் பிரிக்காத பெட்டியும்

பூனை டாக்டருக்கே பூனை ஒத்துக்கொள்ளாமல் போனால் எங்கே போய் முட்டிக்கொள்வது? அவளுடைய வீட்டுக்காரருக்கு அதுதான் நடந்தது. பதினைந்து வருஷமாகப் பூனைக்கடிக்கும் கீறலுக்கும் அசராமல் ஊசி போட்டு வந்த மனுஷர், போன வருஷத்திலிருந்து பூனையைத் தொட்டாலே கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சுக்குத் திணற ஆரம்பித்தார். ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கும்படி ஆகிவிட்டது. ஒவ்வாமை ஊசி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்க வேண்டும், இல்லையென்றால் பூனை வைத்தியத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஊசி மருந்தைத் தயாரிப்பதே அவள் வேலை பார்த்த கம்பெனிதான். பூனையின் முடியையும் தோல் செதிலையும் ஊறவைத்து எடுக்கிற மருந்து அது. உள்ளே எல்லோரும் பூனைச் சாறு என்றுதான் சொல்வார்கள். ஆனால் எட்டு மாதமாக ஒரு குப்பிகூட வெளியே போகவில்லை. பூனையிடமிருந்து எடுக்கும் சாற்றில் பூனையின் வைரஸும் தொற்றிக்கொண்டு வராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அனுமதி வாரியம் கேட்டிருந்தது. நியாயமான கேள்விதானே, உடம்பில் ஏற்றுகிற சமாச்சாரமாயிற்றே.

சூடாக்கினால் வைரஸ் சாகும், கூடவே மருந்தும் செத்துவிடும். அதனால் அவள் வடிகட்டியைப் பிடித்தாள். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் நழுவிப் போகும், அதைவிடப் பெரிய வைரஸ் மாட்டிக்கொள்ளும், அவ்வளவு நுணுக்கமான துளைகள். ‘என் வடிகட்டி விடாது’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் மார் தட்டினாள். மார் தட்டினால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? நிரூபிக்கிற வழி கேட்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். சுத்தமான சாற்றில் வேண்டுமென்றே வைரஸைக் கொட்டி, வடிகட்டி, எத்தனை தப்பித்தன என்று எண்ணுவது. மனிதர்களை ஒன்றும் செய்யாத ஒரு பொடி எலி வைரஸை இதற்கென்றே அவள் வளர்த்து வைத்திருந்தாள். பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது என்பது வாரியத்தின் கணக்கு. அவள் சோதனையில் பத்து லட்சத்துக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. கம்பெனியே குதித்தது. வெள்ளிக்கிழமை அறிக்கை வாரியத்துக்குப் போவதாக முடிவாயிற்று.

புதன்கிழமை காலை, வேறு எதற்கோ அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்வடிகட்டிப் பெட்டி சீல் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.

உறைபெட்டியிலிருந்து எடுக்கும் வைரஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டியிருக்கும். முதலில் பெரிய துளையுள்ள முன்வடிகட்டியில் விட்டுக் கட்டியை நீக்கிவிட்டுத்தான் சாற்றில் கலக்க வேண்டும். அதைச் செய்யாமல் சோதிப்பது, கட்டி தட்டிய மாவைச் சலித்துவிட்டு என் சல்லடையைப் போல உண்டா என்று பீற்றிக்கொள்வது மாதிரிதான். சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தாள். முன்வடிகட்டல் என்ற வரிக்கு எதிரே அவள் கையெழுத்து ஜம்மென்று இருந்தது. வீட்டுக்காரருக்கு ஆக்ஸிஜன் வைத்த மறுநாள் அது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓடிவந்தவள், எல்லா வரிகளிலும் முன்கூட்டியே ஒரே மூச்சில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்திருக்கிறாள். இதே காரியத்தை வேறு யாராவது செய்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

பெட்டியைப் பிரித்து ஒன்றைக் குப்பையில் போட்டால் முடிந்தது, ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. வாரியம் கூடுவதோ நாலு மாதத்துக்கு ஒருமுறை. இந்தத் தடவையை விட்டால் அதுவரை அவர் மூச்சை யார் பார்த்துக்கொள்வது? அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

கேட்டு முடித்ததும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஏம்மா, வடிகட்டி வேலை செய்யும்னு உனக்கே நல்லாத் தெரியுமே?”

“தெரியும் சார். அதனாலதான் பயப்படாம திரும்பப் பண்ணலாம்னு சொல்றேன்.”

“உன் வீட்டுக்காரர் இந்த மருந்துக்குத்தானே காத்துக்கிட்டு இருக்காரு?”

“ஆமா. அவரு கையிலதான் இது முதல்ல ஏறப் போகுது. கட்டி தட்டின கணக்கை நம்பி நான் எப்படி சார் ஏத்த விடுவேன்?”

மேலாளர் பெட்டியின் சீலை ஒருமுறை தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அறிக்கை போகாது என்று அவரே வாரியத்துக்கு எழுதினார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. முழுவதையும் கேட்ட வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இன்னும் நாலு மாசமா? அந்தப் பாழாப்போன அலமாரியை ரெண்டு நாள் கழிச்சுத் திறந்திருக்கக் கூடாதா நீ?”

“திறந்துட்டேனே, என்ன செய்ய?”

“உனக்குப் புருஷன் முக்கியமா, பெட்டி முக்கியமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. “புருஷன் முக்கியம்னுதான் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அவர் பூனைகளை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். “வாயைத் திறந்து காட்டுங்க! ஐயோ, உங்க வாயை இல்லைங்க, பூனை வாயை!” என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்டது. அப்படியும் பாதிப் பேர் வேறு டாக்டரைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆறு வாரத்தில் புது வைரஸ் வளர்ந்தது. இந்தத் தடவை பெட்டியைப் பிரித்து, முன்வடிகட்டியில் விட்டு, ஒவ்வொரு வேலையும் முடிந்த பிறகே அதனதன் வரியில் கையெழுத்துப் போட்டாள். வடிகட்டியை அவளுக்குத் தெரியும். எண்ணிக்கை வந்தது: பத்து லட்சம் போட்டதில் முப்பது தப்பியிருந்தது. முன்னைப்போல முழுப் பூஜ்யம் இல்லை, ஆனால் வாரியத்தின் கணக்குக்குள் தாராளமாக அடங்கியது. இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தே கொடுத்தாள். முதல் சோதனையை எதற்குச் சேர்த்திருக்கிறீர்கள் என்று வாரியத்தில் ஒருவர் கேட்டார். “அதுல நான் ஏமாந்தேன், இதுல ஏமாறலை, ரெண்டும் உங்களுக்குத் தெரியணும்” என்றாள். அனுமதி கிடைத்தது.

முதல் ஊசிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். நர்ஸ் ஒப்புதல் தாளை வாசித்தாள். விலங்கிடமிருந்து எடுத்த மருந்து, வைரஸ் நீக்கப்பட்டது, ஆனாலும் துளி ஆபத்தும் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்றெல்லாம் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏதாவது கேக்கணுமா சார்?”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நாலு மாதத்தில் அப்படி அவர் பார்த்ததில்லை.

“கேக்க வேண்டியதையெல்லாம் எனக்கு முன்னாடியே இவ கேட்டுட்டா சிஸ்டர்” என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டார்.