கதவுக்குள் நின்ற மழை

பல் டாக்டரின் பழைய நீலக் கார், அவர் மனைவி பேசினால் தரையை விட்டு எழும்பும். சாதாரணப் பேச்சுக்கு ஒரு சாண், திட்டினால் முழங்கால் உயரம். தெருவில் இப்போது இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் அது முதன்முதலாக எழும்பிய ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், அந்த வீட்டில் இரண்டு வருடமாகப் பேச்சே கிடையாது.

காரணம் டாக்டரின் தொழில்புத்தி. ஓட்டையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், காருக்குத் துருப் பிடிக்காமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பியவர், கதவுகளின் அடிவிளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகளைக் கண்டார். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்காகக் கார் செய்தவர்களே விட்டவை. டாக்டர் அவற்றைச் சொத்தை என்று முடிவுகட்டி, சுரண்டி, உலர்த்தி, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பசையால் ஒன்று விடாமல் அடைத்தார். மழை வந்தது. நான்கு கதவுகளும் வயிறு முட்டக் குடித்தன. மனைவியின் தங்கை கல்யாணத்தன்று, மண்டபத்துக்கு முந்தைய திருப்பத்தில், முன்கதவின் ஸ்பீக்கர் துளை வழியாக ஒரு குடம் துருத் தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. புத்தம்புது உடை. பதறிப்போன டாக்டர் வாயில் வந்ததைச் சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா, கொப்பளிச்சுத் துப்பிடுச்சு."

அத்தோடு சரி. அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரே அவள் குரலைக் கேட்டுத்தான் வண்டி ஏறியது. டாக்டர் மட்டும் மதிய இடைவேளையில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து பெஞ்சில் உட்கார்ந்து, தாமதமாகும் வண்டிகளுக்காக அவள் வருத்தம் தெரிவிப்பதைக் கேட்டுவிட்டு வருவார். அந்த வருத்தத்தில் தனக்கும் ஒரு துளி இருக்குமோ என்று ஒரு நப்பாசை.

மிச்சமிருந்தது காலைப் பயணம் ஒன்றுதான். அவள் முன்சீட்டில் ஏறுவாள், கதவுக்குள் தண்ணீர் தளும்பும், நிலையம் வந்ததும் இறங்கிப் போய்விடுவாள். பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்தாளே. அதற்கும் ஆபத்து வந்தது. பழைய கார்களை வாங்கி உடைக்கும் மைத்துனன், அதாவது அவள் தம்பி, ஒருநாள் காருக்கடியில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினான். துரு பொலபொலவென்று கொட்டியது.

"அத்தான், இது அடுத்த மழையைத் தாங்காது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லாரி கொண்டாந்து தூக்கிட்டுப் போறேன். அக்கா பஸ்ல போகட்டும். அதுக்குள்ள துருவை நிறுத்திக் காட்டினா வேணா விட்டுடறேன்."

அக்கா மறுப்புச் சொல்லவில்லை.

ஞாயிறு விடிந்ததும் டாக்டர் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் மட்கார்டின் உட்பக்கம். தண்ணீரைப் பீய்ச்சியதும் போன பயணங்களெல்லாம் அடுக்கடுக்காகக் கழன்று விழுந்தன. மேலே கிளினிக் தெருச் சேறு, அடியில் மலைப்பாதைச் செம்மண், எல்லாவற்றுக்கும் கடைசியில், கல்யாணமான புதிதில் போன கடற்கரையின் மணல். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வாசலுக்கு வந்த மனைவி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைக் கால் விரலால் ஒருமுறை அளைந்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர் பார்த்துவிட்டார்.

அந்தத் தெம்பில் கதவுகளுக்கு வந்தார். தான் அடைத்ததைத் தானே தோண்டினார். சுத்தமான வேலை, லேசில் வரவில்லை. கடைசி அடைப்பும் பிடுங்கப்பட்டதும், இரண்டு மழைக்காலத் தண்ணீர் தெருமுனை வரை ஓடியது. எதிர்வீட்டுக்காரர் செடிகளுக்குப் பாய்ச்சிக்கொண்டார். கதவுகளின் கனம் போனதில் கார் லேசாக அசைந்ததைக் கவனிக்காமல் டாக்டர் அடியில் நுழைந்தார். ஜாக்கி சரிந்தது.

"ஐயோ, வெளிய வாங்க!"

ஜன்னலில் நின்றிருந்த மனைவியின் குரல்தான். கார் டாக்டரின் மூக்குக்கு மேலே, ஒரு சாண் இடைவெளியில், அப்படியே நின்றது. அவள் ஓடி வந்தாள். பேச்சு நின்றதும் கார் ஒரு விரற்கடை இறங்கியது. விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்ன பேசுவது? தெரிந்ததைப் பேசினாள். வடக்கே போகும் விரைவு வண்டி தாமதமாக வரும், பயணிகளின் சிரமத்துக்கு வருந்துகிறோம். கார் இறங்காமல் நின்றது. வண்டிகள் தீர்ந்தன. அடுத்து வந்தது தங்கை கல்யாணம்.

"எல்லாப் போட்டோவிலயும் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கறேன். பொண்ணோட அக்காவா, மண்டபத்து வாட்ச்மேனான்னு கேக்கறாங்க. ஊரையெல்லாம் வாயைத் திற, வாயைத் திறங்கறீங்களே, மன்னிச்சுக்கோன்னு சொல்ல உங்க வாய் திறந்துதா? கொப்பளிச்சுதாம்."

கார் முழங்கால் உயரத்துக்கு ஏறியது.

"வெளிய வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. இங்க நல்ல வசதியா இருக்கு. நீ பேசிட்டே இரு, முடிச்சுடறேன்."

"உங்களுக்குக் கொழுப்பு."

இன்னொரு சாண். டாக்டர் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார், உப்புத்தாள் போட்டார், துணியால் ஒற்றி உலர்த்தி சிவப்பு பிரைமர் அடித்தார், அது காய்ந்ததும் இண்டு இடுக்கெல்லாம் மெழுகெண்ணெய் பீய்ச்சினார். வடிகால் ஓட்டைகளில் ஈர்க்குச்சி செருகி அவை அடையாமல் பார்த்துக்கொண்டார். மேலே திட்டு, கீழே வேலை. இரண்டுமே சாயங்காலம் வரை தடையில்லாமல் நடந்தன. கடைசியில் அடியிலிருந்து குரல் வந்தது.

"தப்புதாம்மா. அடைச்சதும் தப்பு, கொப்பளிச்சுதுன்னு சொன்னது அதைவிடத் தப்பு."

அவள் முறைக்கத்தான் குனிந்தாள். மூக்கில் பிரைமரும் மீசையில் மெழுகுமாக அவர் கிடந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரிப்புக்குக் கார் எவ்வளவு ஏறும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மாடி ஜன்னலைத் தொட்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து லாரியோடு மைத்துனன் வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இரு. கொக்கி மாட்டணும்."

"நான் ஏன்டா பேசாம இருக்கணும்?"

அவன் ஏணி போட்டு ஏறி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தான். டங்கென்றது. ஒரு பொட்டுத் துருகூடக் கொட்டவில்லை. காலி லாரியோடு திரும்பினான்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலி போட்டு உட்காருவாள், அவர் அடியில் படுப்பார். திட்டுவதற்கு ஒன்றுமில்லாத வருடங்களில், "கொப்பளிச்சுது" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். முன்பெல்லாம் எழும்பாத கார் இப்போது மட்டும் எப்படி என்ற கேள்வி வந்தபோது, அப்போது மட்கார்டில் சேறும் கதவுக்குள் தண்ணீருமாகக் கனம் இருந்ததே என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார், எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. இன்றும் மதியத்தில் டாக்டர் நிலையத்துக்குப் போகிறார், பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இருவருக்குமான சாப்பாட்டுப் பை இருக்கும். வெளியே, ஒலிபெருக்கியில் அவள் குரல் வரும்போதெல்லாம் நிறுத்திவைத்த கார்களின் வரிசையில் நீலக் கார் மட்டும் ஒரு சாண் எழும்பும். காவலாளி அதை வேலிக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, அடுத்த காருக்குப் பார்க்கிங் சீட்டுக் கிழிக்கப் போவார்.