மணிக்கூண்டின் ஏற்புரை

கட்சியில் எல்லோரும் அவரை மணிக்கூண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்டு மாநாட்டில் யார் எப்போது பேசுவது, எந்தத் தீர்மானம் எப்போது வருவது என்று நிகழ்ச்சி நிரல் போடுவது அவர் வேலை. மேடை ஓரத்தில் அவருக்கு ஒரு மேசை, அதன் மேல் ஒரு பித்தளை மணி. மூன்று நிமிடம் தாண்டினால் அமைச்சராக இருந்தாலும் அடித்துவிடுவார். அதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு என்று பேசிக்கொள்வார்கள். பொய்யில்லை.

மாநாட்டில் கை தூக்கித்தான் முடிவெடுக்கிறார்கள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். தலைமைக்குப் பிடிக்காத தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டுத் தோற்கடிப்பது பெரிய தலைவலி, மறுநாள் பத்திரிகையில் சந்தி சிரித்துவிடும். அதை நிரலின் கடைசியில் போட்டால் வேலை சுலபம். மண்டபத்தை ஐந்து மணிக்குக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் எடுக்காத தீர்மானம் தானாகச் செயற்குழுவுக்குப் போய்விடும். போனது போனதுதான், திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த முறை கடைசியில் இருந்தது அவருடைய சொந்த அக்காவின் தீர்மானம்.

அக்கா துறைமுகத்தை ஒட்டிய சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதை மூடப்போவதாக அரசு சொல்லிவிட்டது. ஆள்வது இவர்கள் கட்சிதான். மூடக்கூடாது என்று மாநாடே தீர்மானம் போட்டால் அமைச்சரால் மீற முடியாது. அதற்காகவே அக்கா முதல்முறையாகப் பிரதிநிதியாகி வந்திருந்தார்.

"என்னடா, என்னைக் கொண்டுபோய் கடைசியில போட்டிருக்க?" என்று காலையில் கேட்டார்.

"கடைசியா கேக்கறதுதான்க்கா மனசுல நிக்கும்."

நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. போன வாரம் பொதுச்செயலாளர் தோளில் கை போட்டு, "பாத்துப் போடுங்க, உங்களைச் செயற்குழுவுக்கு எடுக்கலாம்னு இருக்கோம்" என்று சொன்னதை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை.

"நேத்து வீட்ல உங்க மாமா முன்னாடி பேசிப் பாத்தேன். மூணு நிமிஷம் ஆச்சுன்னா கரண்டியால டம்ளரைத் தட்டுவார். ஒரு தடவைதான் தட்டினார்" என்று அக்கா பெருமையாகச் சொன்னார். மணிக்கூண்டு நிரலைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் கணக்கு பிசகியது. இரண்டு கிளைக்காரர்கள் தங்கள் தீர்மானங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் நேரம் மிச்சமாகிவிட்டது. அக்காவின் முறை வந்துவிடும் போலிருந்தது. மணிக்கூண்டுக்கு நிம்மதியாக இருந்தது, நிஜமாகவே. தன் கையில் எதுவுமில்லை, தானாக நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பொதுச்செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை வருஷமா நமக்கெல்லாம் மணியடிச்ச மனுஷனுக்கு இன்னிக்கு நாம கை தட்டணும். மேடைக்கு வாங்க, நாலு வார்த்தை பேசுங்க."

கேடயம் ஒன்று கைக்கு வந்தது. பாராட்டு முடிந்து மைக் அவரிடம் வந்தபோது, ஐந்து அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மூன்றாம் வரிசையில் அக்கா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். பேச வேண்டிய தாளை அக்குளில் இடுக்கியிருந்தார், இரண்டு கையும் தட்ட வேண்டுமே.

நன்றி, அடுத்த தீர்மானத்தை எடுங்கள். அவ்வளவு சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பொதுச்செயலாளர் அவரையே பார்த்துப் புன்னகைத்தார்.

மணிக்கூண்டு தன் மாணவர் பருவத்திலிருந்து ஆரம்பித்தார்.

மூன்று நிமிடம் தாண்டியது. யாரும் மணியடிக்கவில்லை. அடிக்க வேண்டிய ஆள் மைக்கின் முன்னால் நின்றிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. "அம்மா போனப்புறம் தன் படிப்பை விட்டுட்டு என்னைப் படிக்க வெச்சவங்க எங்க அக்கா, அதோ நிக்கறாங்க" என்றார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மண்டபமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைதட்டலிலும் ஒரு நிமிடம் போயிற்று என்று இவர் மனம் கணக்குப் போட்டது. சே, என்ன பிறவி இது என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நேரம் முடிஞ்சுபோச்சு. மீதித் தீர்மானம் செயற்குழுவுக்குப் போகும்" என்று அறிவித்தார் மாநாட்டுத் தலைவர். நாற்காலிகள் நகரத் தொடங்கின.

அக்கா மேடையோரம் வந்தார். இவர் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுடா, மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிருக்க? நீயும் இனி செயற்குழுவுல இருப்பியாமே, பின்னாடி பேசிக்கிட்டாங்க. அப்புறம் எனக்கென்ன கவலை?" தாளை நாலாக மடித்துத் தம்பியின் சட்டைப்பையில் வைத்தார். "ஆனா ரொம்ப இழுத்துட்டடா. நானே வந்து அந்த மணியை அடிச்சிடலாமான்னு பாத்தேன். நீ பேசறப்ப எனக்கு மனசு வரல."

"அடிச்சிருக்கணும்க்கா."

தம்பி விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து அக்கா சிரித்தார்.