வால்நட் கட்டை

மொன்டானாவில் எங்கள் பக்கத்து ஆண்கள் பக்கத்து வீட்டுக்காரனின் பிள்ளை பெயரை மறந்தாலும் மறப்பார்கள், அவன் துப்பாக்கியை மறக்க மாட்டார்கள். ஹார்லனின் துப்பாக்கியை மறக்க யாராலும் முடியாது. அவ்வளவு அசிங்கம் அது.

குதிரை மேலே விழுந்ததில் அவன் வலது தோள் நொறுங்கி, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கழுத்தும் அந்தப் பக்கம் வளையாது. அதனால் தோளில் அணைக்கும் துப்பாக்கிக் கட்டையை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினான். கன்னம் படும் இடத்தில் பழைய மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சை வைத்து, டேப்பால் சுற்றினான். வெயிலில் எதுவும் மின்னக் கூடாதென்று, டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை மொத்தத்துக்கும் பூசினான். அந்தக் கண்றாவியால்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரே குண்டில் ஒரு எல்க் மானை வீழ்த்தினான். அவனிடம் அடிபட்ட மிருகம் எதுவும் காயத்தோடு ஓடியதில்லை. எங்கள் வேட்டை முகாமில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பேர் கிடையாது.

அவன் மனைவி மார்லிசுக்கு அந்தப் பேர் போதவில்லை. அவள் தம்பி டுவைட் வருஷா வருஷம் முகாமில் ஆரம்பித்துவிடுவான். "மச்சான், வேட்டைக்கு வந்தியா, குழாய் ரிப்பேருக்கு வந்தியா?" எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பது ஹார்லன்தான். மார்லிசுக்கு மட்டும் முகம் எரியும்.

இந்த ஆகஸ்டில் அவன் பிறந்தநாளுக்கு முன், அவன் வைக்கோல் கட்டப் போயிருந்த நேரம் பார்த்துத் துப்பாக்கியை டவுனுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வழவழவென்று வால்நட் கட்டை, அதில் எல்க் கூட்டம் ஒன்றைச் செதுக்கச் சொன்னாள். குண்டை உள்ளே தள்ளும் பக்கவாட்டுத் தாழ்ப்பாளை வெள்ளி மாதிரி பளபளப்பாக்கச் சொன்னாள். கடைக்காரர் பழைய கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏதோ அளவு பாத்துத்தான் அறுத்திருக்காரும்மா. அவரு கை நீளம் என்ன? தோள்ல எதாச்சும் குறை இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லா ஆம்பளைக்கும் இருக்குற அளவுதான். அந்தப் பழசக் குப்பையில போடுங்க."

ஒரு வார்த்தை, தோளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாதவரிடம் அதைச் சொல்லவும் அவளுக்குக் கூச்சம். இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஹார்லன் பரிசைப் பிரித்து வெகுநேரம் பார்த்தான். "ரொம்ப அழகா இருக்கு" என்று அவளை முத்தமிட்டான். கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு மேஜை முன் உட்கார்ந்து, நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டுப் பழகினான். குண்டு எப்படியோ குறி அட்டையில் பட்டது. பிறகு கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டான். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பரில் முகாமுக்குப் போனபோது டுவைட் விசிலடித்தான். "மச்சான், இத வெச்சு சுடப் போறியா, கல்யாணம் கட்டிக்கப் போறியா?" அன்றைக்கு மார்லிஸும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலை இருவரும் மலைமேட்டுக்கு ஏறினார்கள். பைன் மரங்களின் ஓரம் ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. ஹார்லன் முழந்தாளிட்டான். தடித்த கோட்டின் மேல் அந்த நீளக் கட்டை அக்குளில் மாட்டியது. இழுத்துத் தோளில் வைத்தால் கண் குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு நேரே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினான். அதற்குள் வெயில் பட்டுத் தாழ்ப்பாள் பளிச்சென்றது. எல்க் தலையைத் தூக்கிப் பார்த்து ஓரடி நகர்ந்தது. அவன் விசையை இழுத்துவிட்டான். குண்டு வயிற்றில் பாய்ந்ததை மார்லிஸ் பைனாகுலரில் பார்த்தாள்.

சாயங்காலம் வரை ரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பனி பெய்து சுவடு மூடிக்கொண்டது. விழுந்த மரங்களுக்கு நடுவே எல்லாம் மறைந்துபோன இடத்தில் ஹார்லன் குந்திவிட்டான்.

"கட்டை உனக்குச் சேரல, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆகஸ்ட்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா எடுத்துட்டு வந்தே? என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அவன் கையுறையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினான். "போன வருஷ முகாம் போட்டோவ உங்கக்காவுக்கு அனுப்புனியே, என்னப் பாதியோட வெட்டிட்டு. துப்பாக்கி தெரியக் கூடாதுன்னு நீ வெட்டியிருக்கேன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, அன்னிக்குத் துப்பாக்கி டிரக்குல இருந்துச்சு. நீ வெட்டுனது என் தோள."

மார்லிஸ் கூனிக் குறுகிப் போனாள்.

"இத வெச்சிருந்தாவாச்சும் நீ என் பக்கத்துல முழுசா நிப்பேன்னு பாத்தேன்" என்றான். "விடு. முகாம்ல நான் பேசிக்கிறேன். நீ எதுவும் சொல்லாத."

ரத்தம் சிந்தவைத்தால் மிருகம் கிடைக்காவிட்டாலும் அது உன் கணக்கு என்பது எங்கள் முகாம் வழக்கம். சட்டம் அப்படிக் கேட்பதில்லை, நாங்கள் கேட்போம். முகாமுக்குத் திரும்பியதும் ஹார்லன், அந்த வருஷத்துக்கு ஒரு எல்க் சுட அனுமதிக்கும் தன் வேட்டைச் சீட்டை எடுத்துக் கத்தியால் கிழித்து அடுப்பில் போட்டான். எல்லோர் முகத்தையும் நேராகப் பார்த்து, "வயித்துல பட்டு ஓடிப்போச்சு. கண்டுபுடிக்க முடியல. தப்பு என்னுது" என்றான்.

டுவைட் கிண்டல் செய்யவில்லை. அதுவே என்னவோ போலிருந்தது. "மச்சான், தப்பா எடுத்துக்காத. ஒனக்கும் வயசாவுது. அடுத்த வருஷத்துலேர்ந்து நீ சமையலப் பாத்துக்கயேன். ஒரு உசுரு அங்க துடிச்சுக்கிட்டுக் கெடக்கு."

ஹார்லன் தலையாட்டினான். அத்தோடு முடிந்திருக்கும். மார்லிஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதுவும் வெளியே தெரிந்திருக்காது. ஆனால் அவன் இனி துப்பாக்கி தொடாமல் சட்டி கழுவிக்கொண்டிருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அவன் மேல தப்பு இல்ல. அந்தப் பச்சைக் கட்டை அவன் ஒடம்புக்குன்னு அவனே அறுத்தது. அத நான்தான் குப்பையில போடச் சொன்னேன். கடைக்காரர் அளவு கேட்டாரு. அவன் தோளு கோணல்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"துப்பாக்கி அசிங்கமா இருந்துச்சுதான், அதுக்கென்னக்கா? அதப் பாத்து வெக்கப்பட்டியா?" என்றான் டுவைட்.

"துப்பாக்கியப் பாத்து இல்ல. இவனப் பாத்து."

ஒருவன் எழுந்து அடுப்பில் விறகு வைத்தான். எல்க்கைத் தொலைத்ததைச் சொன்னபோது எல்லோரையும் நேராகப் பார்த்த ஹார்லன், இப்போது தலையைக் குனிந்துகொண்டு கோட்டின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான்.